ஒரே மேட்ச்சில் 100 புள்ளி... ஆனா ஒரு வருஷம் என்பிஏ கதவு பூட்டு! வில்ட் சேம்பர்லினும் காலேஜ் கூடைப்பந்து விதிகளும்

கூடைப்பந்து பார்க்காதவர்கள்கூட அந்தக் கறுப்பு வெள்ளை போட்டோவை எங்கேயாவது பார்த்திருக்கலாம். மிக உயரமான ஒரு வீரர், கையில் ஒரு வெள்ளைத் தாள், அதில் 100 என்று எழுதியிருக்கும். அவர்தான் வில்ட் சேம்பர்லின். 1962 மார்ச் 2-ம் தேதி, ஒரே என்பிஏ மேட்ச்சில் தனி ஆளாக 100 புள்ளிகள் எடுத்தவர். என்பிஏவில் இன்றுவரை வேறு யாரும் அந்த எண்ணைத் தொடவில்லை.

ஆனா, அதுக்கு 4 வருஷம் முன்னாடி, 1958-ல், இதே சேம்பர்லினை என்பிஏ உள்ளேயே விடவில்லை. காயம் இல்லை. திறமைக் குறைவு இல்லை. அவருடன் காலேஜ் சேர்ந்த பேட்ச் இன்னும் பட்டம் வாங்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

காலேஜில் சம்பளம் கிடையாது. காலேஜை விட்டு வெளியே வந்தாலும் என்பிஏவில் இடம் கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்ட அந்த ஒரு வருஷத்தை அவர் எப்படிக் கடந்தார்? அந்த விதி யாருக்காகப் போடப்பட்டது? இப்போ அமெரிக்காவில் காலேஜ் விளையாட்டு மொத்தமாக மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்தக் கேள்விகளுக்குப் பதில் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

யார் இந்த வில்ட் சேம்பர்லின்?

முழுப்பெயர் வில்டன் நார்மன் சேம்பர்லின். 1936 ஆகஸ்ட் 21-ம் தேதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 9 பிள்ளைகள். வசதியான குடும்பம் இல்லை. சின்ன வயதில் நிமோனியா வந்து உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். ஸ்கூலில் ஒரு வருஷமே போய்விட்டது.

ஆரம்பத்தில் அவருக்குக் கூடைப்பந்து மேல் பெரிய ஆசை இல்லை. ஓட்டமும் தாண்டுதலும்தான் பிடிக்கும். ஆனா பிலடெல்பியாவில் தெருவுக்குத் தெரு கூடைப்பந்துதான். அதுவும் மளமளவென்று வளர்ந்துகொண்டே போகும் ஒரு பையனை ஊர் சும்மா விடுமா?

கடைசியில் அவருடைய உயரம் 7 அடி 1 அங்குலம். வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து குனிந்து நடந்ததால், நண்பர்கள் டிப்பர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தச் செல்லப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

ஓவர்புரூக் உயர்நிலைப் பள்ளிக்காக 3 சீசன் ஆடினார். மொத்தம் 2,200-க்கும் மேல் புள்ளிகள். ஒரு மேட்ச்சில் மட்டும் 90. பள்ளி முடிப்பதற்குள் 200-க்கும் மேற்பட்ட காலேஜ்கள் அவரைத் தங்கள் பக்கம் இழுக்க வரிசையில் நின்றன.

ஸ்கூல் பையனுக்காக மோதிய என்பிஏ டீம்கள்

இங்கே ஒரு சின்ன பின்னணி. ஐபிஎல்லில் வீரர்களை ஏலத்தில் எடுப்பார்கள். எந்த டீம் அதிக விலை சொல்கிறதோ, அந்த டீமுக்கு. என்பிஏவில் அப்படி இல்லை. அங்கே டிராஃப்ட் என்று ஒரு முறை. காலேஜ் முடித்து வரும் வீரர்களை டீம்கள் வரிசைப்படி, ஒவ்வொருவராகத் தேர்வு செய்யும். எந்த டீமில் ஆடுவது என்று வீரர் முடிவு செய்ய முடியாது.

அந்தக் காலத்தில் இன்னொரு விதியும் இருந்தது. ஒரு டீமின் சொந்த ஊரிலிருந்து 50 மைல் சுற்றளவுக்குள் இருக்கும் காலேஜில் ஒரு ஸ்டார் வீரர் இருந்தால், அந்த டீம் தன் முதல் ரவுண்டு தேர்வை விட்டுக்கொடுத்துவிட்டு அவரை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். காரணம் எளிமையானது. 1950-களில் என்பிஏ இன்று போல் பணம் கொழிக்கும் லீக் இல்லை. மொத்தமே 8 டீம்தான். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனது காலேஜ் மேட்ச்சுக்குத்தான். உள்ளூர் காலேஜ் ஹீரோ நம்ம டீமில் ஆடினால் அந்த ரசிகர்களும் பின்னாடியே வருவார்கள், டிக்கெட் விற்கும் என்பது கணக்கு.

ஸ்கூல் படிக்கும்போது சேம்பர்லின் கோடை விடுமுறையில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் கட்ஷர்ஸ் என்ற ரிசார்ட்டில் வேலை பார்த்தார். விருந்தினர்களின் பெட்டிகளைத் தூக்கும் வேலை. அங்கேயே விருந்தினர்களுக்காகக் கூடைப்பந்து மேட்ச்சும் நடக்கும். அதை நடத்தியவர் ரெட் ஆவர்பாக். பாஸ்டன் செல்டிக்ஸ் டீமின் கோச். அங்கே பி.எச்.பார்ன் என்ற கன்சாஸ் காலேஜ் நட்சத்திரத்துடன் சேம்பர்லினை மோதவிட்டார்கள். 1953 காலேஜ் சாம்பியன்ஷிப் தொடரின் சிறந்த வீரர் விருது வாங்கியவர் பார்ன். ஸ்கூல் பையன் அவரை ஓரங்கட்டிவிட்டான்.

ஆவர்பாக் உடனே போட்ட கணக்கு என்ன தெரியுமா? பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் ஒரு காலேஜில் இவன் சேர்ந்துவிட்டால், அந்த 50 மைல் விதிப்படி செல்டிக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்!

ஆனா, பிலடெல்பியா வாரியர்ஸ் டீமின் ஓனர் எடி காட்லிப் அதைவிடக் கெட்டிக்காரர். சேம்பர்லின் பிறந்தது, வளர்ந்தது, ஆடிப் பெயர் வாங்கியது எல்லாம் பிலடெல்பியா. அவர் சேர்ந்த கன்சாஸ் காலேஜ் பக்கத்தில் எந்த என்பிஏ டீமும் இல்லை. அதனால் அவர் மீது உரிமை தனக்குத்தான் என்று வாதாடினார். காலேஜை வைத்து எழுதப்பட்ட விதியை ஸ்கூலை வைத்து வளைத்தார். என்பிஏவும் ஒத்துக்கொண்டது.

கவனிக்க வேண்டியது இதுதான். ஒரு ஸ்கூல் பையனின் எதிர்காலத்தைப் பங்கு பிரிப்பதில் லீகுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் விஷயத்தில் மட்டும்தான், படிப்பு முடியட்டும் என்ற நிபந்தனை.

கன்சாஸில் நடந்தது என்ன?

1955-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரைச் சம்மதிக்க வைத்தவர் ஃபாக் ஆலன். அமெரிக்கக் காலேஜ் கூடைப்பந்தின் மூத்த கோச்களில் ஒருவர்.

முதல் வருஷ மாணவர்கள் மெயின் டீமில் ஆடக் கூடாது என்பது அப்போதைய விதி. அதனால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் வருஷ டீமுக்கும் மெயின் டீமுக்கும் நடந்த பயிற்சி மேட்ச்சில் சேம்பர்லின் 42 புள்ளி, 29 ரீபவுண்ட் எடுத்தார். சீனியர்கள் தோற்றுப்போனார்கள்.

இதற்குள் ஃபாக் ஆலனுக்கு 70 வயது ஆகிவிட, பல்கலைக்கழக விதிப்படி 1956-ல் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. யாரை நம்பி சேம்பர்லின் அவ்வளவு தூரம் வந்தாரோ, அவரிடம் மெயின் டீமில் ஒரு மேட்ச்கூட ஆட முடியவில்லை. டிக் ஹார்ப் புதிய கோச் ஆனார்.

1956 டிசம்பரில் நார்த்வெஸ்டர்ன் அணிக்கு எதிராக மெயின் டீமில் முதல் மேட்ச். 52 புள்ளி, 31 ரீபவுண்ட். முதல் நாளே கன்சாஸின் பழைய ரெக்கார்டுகள் காலி.

அவரைச் சமாளிக்க ஆட்ட விதிகளையே மாற்றினார்கள். கூடையை நோக்கிப் போகும் சக வீரரின் பந்தை நடுவில் தட்டி உள்ளே போடுவது தடை செய்யப்பட்டது. ஃப்ரீ த்ரோ போடுபவர், பந்து வளையத்தைத் தொடும்வரை கோட்டைத் தாண்டக் கூடாது என்றார்கள். பின்னே, அந்தக் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து, தாவி, பந்தைக் கூடையில் நேராகப் போடக்கூடிய ஆள் அவர்!

மைதானத்துக்கு வெளியே நிலைமை வேறு. கன்சாஸின் லாரன்ஸ் நகரில் அப்போது பல உணவகங்களில் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு தர மாட்டார்கள். சேம்பர்லின் அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போய் உட்காருவார். ஊரே கொண்டாடும் வீரரை எழுந்து போகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனா 1957 தொடரின் மேட்ச்சுகளுக்காக டல்லாஸ் போனபோது, கூட்டத்திலிருந்து இனவெறி வசைகளைக் கேட்டுக்கொண்டே ஆட வேண்டியிருந்தது.

அந்தத் தொடரின் ஃபைனலில் எதிரணி நார்த் கரோலினா. அந்த சீசனில் ஒரு மேட்ச்கூடத் தோற்காத அணி. ஆரம்ப ஜம்ப்புக்கு, 7 அடி சேம்பர்லினுக்கு எதிரே தங்கள் டீமின் குள்ளமான ஆளான டாமி கர்ன்ஸை நிறுத்தினார் கோச் ஃபிராங்க் மெக்குவயர். ஜம்ப்பில் எப்படியும் ஜெயிக்க முடியாது, சேம்பர்லினைக் கொஞ்சம் குழப்பியாவது விடலாம் என்ற யுக்தி. மேட்ச் டையாகி, 3 முறை கூடுதல் நேரம் போய், 54-53 என்று ஒரே ஒரு புள்ளியில் கன்சாஸ் தோற்றது. தொடரின் சிறந்த வீரர் விருது சேம்பர்லினுக்குக் கிடைத்தது. ஆனா அந்த ஒரு புள்ளி அவரை ரொம்ப வருஷம் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏன் காலேஜை விட்டார்?

1958-ல், இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே, காலேஜை விட்டுக் கிளம்பினார். இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், ஆட்டம். ஒரு டீம் இத்தனை நொடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு என்பிஏவில் 1954-லேயே வந்துவிட்டது. 24 நொடி. ஆண்கள் காலேஜ் கூடைப்பந்தில் அப்படியொரு விதி நாடு முழுக்க வந்தது 1985-ல்தான். அதனால் எதிரணிகள் ஒரு வேலை செய்தன. பந்து கிடைத்தால் கூடைப் பக்கமே போகாமல், தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்து நேரத்தைக் கடத்துவார்கள். பந்து கன்சாஸ் கைக்கு வந்தால் சேம்பர்லினை 3 பேர் சுற்றி நிற்பார்கள். இப்படி ஆடிக்கொண்டிருந்தால் தன் ஆட்டமே கெட்டுப்போகும் என்று அவர் நினைத்தார்.

இரண்டாவது காரணம், பணம். அமெரிக்கக் காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. ஆடுபவர்கள் மாணவர்கள், அமெச்சூர்கள், அதனால் சம்பளம் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு, சின்னதாகக் கைச்செலவு. அவ்வளவுதான். ஆனா அவர் ஆடிய மேட்ச்சுகளுக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. டிக்கெட் பணம் வந்தது. வீரரைத் தவிர எல்லோருக்கும் வருமானம்.

அதற்காகப் பணமே கைமாறவில்லை என்று சொல்ல முடியாது. பணக்கார ரசிகர்கள் பின்வாசல் வழியாக உதவுவது அன்றைக்குச் சகஜம். கன்சாஸில் இருந்தபோது அப்படிப் பணம் வாங்கியதை பிற்காலத்தில் சேம்பர்லினே ஒப்புக்கொண்டார். அவருக்குக் கிடைத்த ஒரு காரை வைத்து, அவர் போன பிறகு 1960-ல் கன்சாஸ் மீது என்சிஏஏ நடவடிக்கையும் எடுத்தது. அதாவது, நேர் வழியில் காசு கொடுக்க விதி இடம் தரவில்லை. கொடுக்காமல் இருக்கவும் யாராலும் முடியவில்லை.

காலேஜை விடும் கதையை லுக் என்ற பிரபல பத்திரிகைக்கு 10,000 டாலருக்கு விற்றார். தன் பெயரை வைத்து அவர் வெளிப்படையாகச் சம்பாதித்த முதல் பெரிய தொகைகளில் அதுவும் ஒன்று. இன்றைய காலேஜ் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சட்டப்படி சம்பாதிக்கிறார்கள். அன்று அதற்குக் காலேஜை விட்டே வெளியேற வேண்டியிருந்தது.

பூட்டிய கதவு... கிடைத்த வேறு வழி

காலேஜை விட்டாச்சு. அடுத்து என்பிஏதானே? அங்கேதான் அந்த விதி. ஒரு வீரரின் பேட்ச் காலேஜ் முடிக்கும் வருஷம் வரும்வரை, அதாவது ஸ்கூல் முடித்து 4 வருஷம் ஆகும்வரை, எந்த என்பிஏ டீமும் அவரை எடுக்கக் கூடாது.

மாணவர்கள் படிப்பை முடிக்கட்டும் என்ற நல்ல எண்ணம் இதில் இல்லையா? ஓரளவு இருந்தது. ஆனா லாபக் கணக்கும் இருந்தது. என்பிஏ டீம்களைப் பொறுத்தவரை காலேஜ் என்பது செலவே இல்லாத பயிற்சி மையம். 4 வருஷம் வீரரை வளர்த்து, ஊர் உலகத்துக்கு அறிமுகப்படுத்தி, ஸ்டாராக்கி அனுப்பிவிடும். காலேஜுக்கோ, சம்பளம் இல்லாமல் 4 வருஷத்துக்கு ஒரு ஸ்டார். இரண்டு பக்கமும் லாபம். நடுவில் இருக்கும் பையனைக் கேட்க ஆள் இல்லை.

சேம்பர்லின் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் டீமில் சேர்ந்தார். ஏப் சேப்பர்ஸ்டீன் நடத்திய புகழ்பெற்ற கறுப்பின வீரர்கள் அணி. ஊர் ஊராகப் போய், வித்தை காட்டி, சிரிக்க வைத்து ஆடும் கூடைப்பந்து. என்பிஏ விதிகள் அதற்குப் பொருந்தாது. அந்த ஒரு வருஷத்துக்கு அவருக்குக் கிடைத்தது சுமார் 50,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. 1959-ல் பனிப்போர் நேரத்தில் மாஸ்கோவுக்குப் போய் ஆடிய குளோப்ட்ராட்டர்ஸ் டீமிலும் அவர் இருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷம் என்பிஏவில் அவருக்குக் கிடைத்த சம்பளம் சுமார் 30,000 டாலர் என்கிறார்கள். லீகில் அதுதான் அப்போது உச்ச சம்பளம். அப்படிப் பார்த்தால் அந்த ஒரு வருஷம் அவருக்கு நஷ்டம் இல்லை என்றே சொல்லலாம். உலகமே அறிந்த பெயர் இருந்ததால் அவருக்கு இன்னொரு வாசல் திறந்தது. அதே விதியில் மாட்டிய மற்றவர்களுக்கு அந்த வாசல் எங்கே?

என்பிஏவில் விஸ்வரூபம்

1959 அக்டோபரில் பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்காக, நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக முதல் மேட்ச். 43 புள்ளி, 28 ரீபவுண்ட். சீசன் முடிவில் சராசரி 37.6 புள்ளி, 27 ரீபவுண்ட். சிறந்த புதுமுகம் விருதும், லீகின் மதிப்புமிக்க வீரர் விருதும் ஒரே வருஷத்தில். உள்ளே விடாமல் வைத்திருந்த வீரர், வந்த முதல் வருஷமே லீகின் நம்பர் 1.

1960 நவம்பரில் பாஸ்டனுக்கு எதிராக ஒரே மேட்ச்சில் 55 ரீபவுண்ட். 1961-62 சீசனில் சராசரி 50.4 புள்ளி. ஒரு மேட்ச் 48 நிமிடம். அந்த சீசனில் அவர் ஆடிய சராசரி நேரம் 48.5 நிமிடம்! கூடுதல் நேரத்துக்குப் போன மேட்ச்சுகளையும் சேர்த்தால் இப்படித்தான் வரும். ஏறக்குறைய வெளியே உட்காரவே இல்லை.

அந்த சீசனில்தான் 100 புள்ளி மேட்ச். பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்ற சின்ன ஊர். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். டிவி ஒளிபரப்பு கிடையாது. வாரியர்ஸ் 169, நிக்ஸ் 147. ஃப்ரீ த்ரோவில் திணறுபவர் என்று பெயர் வாங்கிய சேம்பர்லின், அன்று 32-ல் 28-ஐ உள்ளே போட்டார்.

தனிப்பட்ட சாதனைகள் குவிந்தன. கோப்பை மட்டும் வரவில்லை. குறுக்கே நின்றவர் பாஸ்டனின் பில் ரஸ்ஸல். அவர் மொத்தம் 11 கோப்பை வென்றார். சேம்பர்லின் எவ்வளவு புள்ளி எடுத்தாலும், ஜெயிக்கத் தெரியாதவர் என்ற விமர்சனம் விடவில்லை. 1967-ல் பிலடெல்பியா 76-யர்ஸ் அணியில் தன் புள்ளிகளைக் குறைத்து, மற்றவர்களுக்குப் பந்தைக் கொடுத்து ஆடினார். கோப்பை வந்தது. 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுடன் இரண்டாவது கோப்பை. அந்த சீசனில் லேக்கர்ஸ் தொடர்ச்சியாக 33 மேட்ச் ஜெயித்தது.

14 சீசன், 31,419 புள்ளி, 23,924 ரீபவுண்ட், 4 முறை மதிப்புமிக்க வீரர். அவருக்குப் பயந்து என்பிஏவும் 1964-ல் கூடைக்கு முன்னால் இருக்கும் கட்டத்தை 12 அடியிலிருந்து 16 அடியாக அகலப்படுத்தியது.

கடைசியிலும் ஒரு விதி!

1973-ல் என்பிஏவுக்குப் போட்டியாக இருந்த ஏபிஏ லீகின் சான் டியேகோ டீம், பெரிய சம்பளம் கொடுத்து அவரை அழைத்தது. ஆடவும் வேண்டும், கோச்சாகவும் இருக்க வேண்டும்.

லேக்கர்ஸ் கோர்ட்டுக்குப் போனது. ஒப்பந்தப்படி இன்னும் ஒரு வருஷம் தங்களுக்கு உரிமை இருக்கிறது என்றது. கோர்ட்டும் அதை ஏற்றது. அந்த வருஷம் அவர் கோச்சாக மட்டும் இருந்தார். ஆட முடியவில்லை. அதன் பிறகு தொழில்முறை மேட்ச் எதிலும் ஆடவே இல்லை.

ஆரம்பத்தில் ஒரு வருஷம் விதி தடுத்தது. முடிவிலும் ஒரு வருஷம் ஒப்பந்தம் தடுத்தது. அந்தக் காலத்தின் பலமான வீரருக்கே எப்போது ஆடலாம், எங்கே ஆடலாம் என்பதை வேறு யாரோதான் முடிவு செய்தார்கள்.

கதவை உடைத்தது யார்?

சேம்பர்லினுக்கு அப்புறம் வந்தவர்களைப் பார்த்தால்தான் அந்த விதியின் முழு வலியும் தெரியும்.

கானி ஹாக்கின்ஸ். நியூயார்க்கின் ஏழைக் குடும்பத்துப் பையன். 1961-ல் காலேஜில் முதல் வருஷம் படிக்கும்போது ஒரு சூதாட்ட விவகாரத்தில் அவர் பெயர் அடிபட்டது. அவர் மீது வழக்கே பதிவாகவில்லை. ஆனா காலேஜ் போச்சு. என்பிஏவும் அவரை ஒதுக்கி வைத்தது. சிறு லீக், குளோப்ட்ராட்டர்ஸ், ஏபிஏ என்று சுற்றினார். வழக்குப் போட்டு, 1969-ல்தான் என்பிஏவில் நுழைய முடிந்தது. இளமையின் 8 வருஷம் போனது.

விதியை நேருக்கு நேர் எதிர்த்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் உழைத்த குடும்பம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது வயது 19. 1970-ல் சியாட்டில் டீம் அவரை எடுத்தது. அவருடைய காலேஜ் பேட்ச் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லி என்பிஏ தடுத்தது. வழக்கு 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு ஹேவுட் பக்கம். வேலை செய்யத் தகுதியுள்ள ஒருவரை எல்லா முதலாளிகளும் சேர்ந்து ஒதுக்கி வைக்கலாமா என்பதுதான் வழக்கின் சாரம்.

அதுக்கப்புறம், குடும்பக் கஷ்டத்தை நிரூபித்தால் முன்னாடியே வரலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 1976-ல் அந்த நிபந்தனையும் போனது. பின்னாளில் கெவின் கார்னெட் 1995-ல், கோபி பிரையன்ட் 1996-ல், லெப்ரான் ஜேம்ஸ் 2003-ல் என, ஸ்கூலிலிருந்து நேராக என்பிஏவுக்கு வந்தார்கள். இதில் கோபி, சேம்பர்லினின் அதே பிலடெல்பியா பக்கம்தான்.

எல்லோரும் கோபி ஆகவில்லை என்பதும் உண்மை. ஸ்கூல் முடித்த கையோடு வந்து, ஆட்டமும் அமையாமல், காலேஜ் பட்டமும் இல்லாமல் காணாமல் போனவர்கள் உண்டு. அதைக் காரணம் காட்டி, 2005-ல் என்பிஏவும் வீரர்கள் சங்கமும் ஒரு புது ஒப்பந்தம் போட்டன. குறைந்தபட்ச வயது 19, ஸ்கூல் முடித்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். பல திறமைசாலிகள் அந்த ஒரு வருஷத்தைக் காலேஜில் கடத்திவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். 2018-ல் காண்டலீசா ரைஸ் தலைமையிலான குழு, காலேஜ் கூடைப்பந்தில் நடக்கும் ஊழலை ஆராய்ந்து, இந்த ஒரு வருஷ முறையை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. ஆனா விதி இன்னும் அப்படியே இருக்கிறது.

காலேஜிலேயே சம்பளம்: இப்போ நிலைமை என்ன?

இன்னொரு பக்கம், காலேஜில் பணமே கூடாது என்ற கொள்கை உடைந்துவிட்டது. காரணம், பணத்தின் அளவு. காலேஜ் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 2010-ல் 14 வருஷத்துக்கு 10.8 பில்லியன் டாலருக்குப் போனது. இதில் ஆடுபவர்களுக்கு மட்டும் பங்கு இல்லை என்றால் எப்படி?

எட் ஓபேனன் என்ற முன்னாள் காலேஜ் சாம்பியன், ஒரு வீடியோ கேமில் தன் உருவத்தையே பார்த்தார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, பணமும் தரவில்லை. 2009-ல் வழக்குப் போட்டார். 2014-ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2021 ஜூனில், படிப்பு தொடர்பான சலுகைகளுக்கு என்சிஏஏ வரம்பு வைப்பது செல்லாது என்று 9 உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அடுத்த மாதமே, மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்ததால், ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு வருஷத்துக்கு சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகவே பகிர்ந்து கொடுக்கலாம் என்றானது.

கன்சாஸில் சேம்பர்லினுக்குப் பின்வாசலில் வந்த பணம், இப்போ முன்வாசலில், கையெழுத்துப் போட்டு வருகிறது. நல்ல தொகை கிடைப்பதால், அவசரமாக என்பிஏவுக்கு ஓட வேண்டிய கட்டாயமும் பலருக்குக் குறைந்திருக்கிறது. 4 வருஷம் காலேஜில் வைத்திருக்க விதி போட்டுச் சாதிக்க முடியாததை, நியாயமான காசு சாதிக்கிறது.

பிரச்சனை எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. அதிகப் பணம் தரும் காலேஜுக்கு வருஷா வருஷம் மாறுவது, பணக்கார காலேஜ்களே ஜெயிப்பது, ஸ்டார் அல்லாத சாதாரண வீரரின் படிப்பு என்னாகும் என்பது போன்ற கேள்விகள் புதிதாகக் கிளம்பியிருக்கின்றன. எந்தச் சீர்திருத்தத்தையும் எடை போட ஒரே ஒரு கேள்வி போதும். இது ஆடும் பையனுக்காகவா, அவனை வைத்து ஆடுபவர்களுக்காகவா?

கன்சாஸ் திரும்பிய நாள்

காலேஜை விட்ட பிறகு சேம்பர்லின் கன்சாஸ் பக்கம் அதிகம் போகவில்லை. 1957 ஃபைனலில் தோற்றதற்கு மக்கள் தன் மீது கோபமாக இருப்பார்கள் என்ற நினைப்பு அவருக்குள் இருந்தது. 1998 ஜனவரி 17-ம் தேதி, அவருடைய 13-ம் எண் ஜெர்ஸியை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவிக்கும் விழாவுக்குப் பல்கலைக்கழகம் அழைத்தது. 61 வயதில், பழைய கன்சாஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண் கலங்கினார்.

அடுத்த வருஷம், 1999 அக்டோபர் 12-ம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டில் இதயச் செயலிழப்பால் காலமானார். வயது 63.

அவர் பட்டம் வாங்கவில்லை, பாக்கி ஒரு வருஷமும் ஆடவில்லை. ஆனா கன்சாஸ் அரங்கத்தின் உச்சியில் இன்னும் தொங்குகிறது அந்த 13.